ஊர் ஊராய்ச் செல்லும் மேளம்

நுழையும்முன்

திருவிழா நாளில் தொலைவில் மேள ஒலி கேட்டதும் நம் கால்கள் தாமே தாளமிடத் தொடங்குகின்றன. அவ்வொலியை எழுப்புவோர் யாவர்? அவர்தம் கலை நிலைத்திருக்க எது துணைபுரியும்? இப்பாடத்தில் அறிவோம்.

ஆடலுக்கு இசைக்கும் குழு

தமிழகச் சிற்றூர்த் திருவிழாக்களில் கரகாட்டம், காவடியாட்டம், பொய்க்கால் குதிரையாட்டம் ஆகியவற்றுக்கு இசைப்பது நையாண்டி மேளம். நாகசுரம், தவில் ஆகியவற்றுடன் பம்பை, தமுக்கு, தாளம் முதலிய கருவிகளும் இதில் இடம்பெறும். கோயில் மேளத்தில் ஓர் இராகத்தை நெடுநேரம் விரித்து வாசிப்பர். நையாண்டி மேளத்திலோ ஆடுவோரின் காலடியே இசைக்கு அளவுகோல். ஆட்டம் விரைந்தால் மேளமும் விரையும். கலைஞர்கள் நின்றும் நடந்தும் சுழன்றும் வாசிப்பர். ஓரூரில் விழா முடிந்ததும் கருவிகளுடன் அடுத்த ஊருக்குப் புறப்படுவர்.

குழலும் முழவும்

நாகசுரத்தின் நீண்ட குழல் ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. அதன் மேல்முனையில் பொருத்தப்படும் சீவாளி நாணலால் ஆனது. ஊதும்போது சீவாளியின் இரண்டு இதழ்களும் அதிர்ந்து ஒலி பிறக்கிறது. குழலின் அடியில் விரிந்திருக்கும் பகுதிக்கு அணைசு என்று பெயர். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் செய்யப்படும் நாகசுரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது.

தவிலின் உடல் பலா மரத்தைக் குடைந்து செய்யப்படுவது. வாசிப்பவர் வலக்கை விரல்களில் கடினமான கூடுகளை மாட்டிக்கொள்வார். இடக்கையில் குறுந்தடி ஒன்றைப் பிடித்திருப்பார். தெருக்கோடிவரை தவிலொலி கேட்பதற்கு இவையே காரணம்.

இரு மொழி, ஒரே இசை

நாம் வாழும் சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் நாகசுரத்தைச் சன்னாயி என்றும், தவிலை டோலு என்றும் தெலுங்கில் அழைப்பர். பெயர்கள் வேறு, கருவிகள் ஒன்றே. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது, அதன் பெரும்பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்து வந்தது. மாவட்ட எல்லைகள் மாறியபோதும் இசை எல்லை கடந்து வாழ்ந்தது.

ஒங்கோலை அடுத்த கரவதியில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா (1924–1999) இதற்குச் சிறந்த சான்று. தெலுங்கு நாட்டில் பிறந்த அவர், நாச்சியார்கோயில் கலைஞர்களிடம் தஞ்சைப் பாணியைக் கற்றார். திருவரங்கத்தில் குடியேறி, உலகறிந்த நாகசுரக் கலைஞராக விளங்கினார். இன்றும் திருப்பதியில் நாகசுரமும் டோலும் கற்பிக்கும் பள்ளியைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தி வருகிறது. மே மாதத்தில் திருப்பதியில் நடைபெறும் கங்கம்மன் ஜாத்திரையில், பல்வேறு வேடம் புனைந்தோர் தெருக்களில் செல்லும்போது தப்பு முழங்குகிறது. அது நம் பறைக்கு உறவான கருவி.

கடலுக்கு அப்பால் ஓர் உறவு

அயர்லாந்து, ஸ்காட்லாந்து, பிரான்சின் பிரிட்டனி முதலிய பகுதிகளின் மரபிசையைக் கெல்டிக் இசை என்பர். அதன் விரைவான மெட்டுகளும் ஆடலுக்காகவே பிறந்தவை. ‘ஜிக்’ என்னும் ஆட்ட மெட்டு ‘தகிட தகிட’ என மும்மூன்றாக நடக்கும். ‘ரீல்’ என்பது ‘தகதிமி தகதிமி’ என நந்நான்காக ஓடும். மேசைமேல் தட்டிப் பாருங்கள், வேறுபாடு விளங்கும்.

அங்குள்ள பைக் குழலிலும் நாணல் இதழ்கள் உண்டு. மெட்டை ஒரு குழல் இசைக்க, மற்றக் குழல்கள் மாறாத ஒரே சுருதியை ஒலித்துக்கொண்டிருக்கும். நம் மரபில் நாகசுரத்துடன் ஒத்து என்னும் குழல் இப்பணியைச் செய்தது. இன்று அதன் இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துள்ளது. வளையத்தில் ஆட்டுத்தோல் போர்த்திய ‘பவ்ரான்’ என்னும் அயர்லாந்துப் பறையும் நம் தப்பை நினைவூட்டும். டப்ளினில் 1962இல் தோன்றிய ‘சீஃப்டன்ஸ்’ குழு, பல நாடுகளுக்குப் பயணம் செய்து இவ்விசையைப் பரப்பியது.

எனினும், ஒரு காலத்தில் இக்கலையும் நலிந்தது. அயர்லாந்தில் முழங்கையால் துருத்தியை அழுத்தி வாசிக்கும் ‘இல்லன்’ குழலை அறிந்தோர், 1968இல் நூற்றுக்கும் குறைவாகவே இருந்தனர். அவ்வாண்டில் அவர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். முதியவர்களிடம் இளையோர் கற்க வழிசெய்தனர். குழல் செய்யும் தொழிலையும் கற்பித்தனர். அழிவின் விளிம்பில் நின்ற கலை மீண்டது. 2017இல் யுனெஸ்கோ தன் மரபுச் செல்வப் பட்டியலில் அதனைச் சேர்த்தது.

நம் பங்கு

மேளக் கலைஞர்களின் வருவாய் விழாக்காலத்தையும் திருமண நாள்களையும் நம்பியிருக்கிறது. ஒலிபெருக்கியில் பதிவிசை போதும் என ஓரூர் முடிவு செய்தால், ஒரு குழு அன்றைய ஊதியத்தை இழக்கிறது. தந்தை ஊதியம் இழந்தால், மகன் வேறு தொழிலை நாடுகிறான். ஆடுவோரின் காலடிக்கேற்ப வாசிக்கும் நுட்பம் ஏட்டில் இல்லை. வாசிப்போரின் கையிலும் செவியிலும் இருக்கிறது. கற்பவர் இல்லையேல் அது அவர்களோடு மறையும்.

ஆகவே, மேளம் வரும்போது நின்று கேளுங்கள். கருவியின் பெயரைக் கலைஞரிடமே கேட்டறியுங்கள். கேட்போர் இருக்கும்வரை கற்போரும் இருப்பர்.

சொற்பொருள்

முழவு – தோற்கருவி
துருத்தி – காற்றடிக்கும் பை
நலிதல் – வலிமை குன்றுதல்

விடை எழுதுக

1. கோயில் மேளமும் நையாண்டி மேளமும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. ஒத்து என்னும் குழலின் பணி யாது?
3. ‘இல்லன்’ குழல் மீண்ட வரலாற்றிலிருந்து நம் ஊர் எதைக் கற்கலாம்? ஐந்து தொடர்களில் எழுதுக.

செயல்பாடு

உங்கள் பகுதியில் காணும் மூன்று இசைக்கருவிகளின் தமிழ்ப் பெயர்களையும் தெலுங்குப் பெயர்களையும் பெரியோரிடம் கேட்டு அட்டவணைப்படுத்துக.