பிலிப்பைன்ஸ் வீரரும் ஏப்பிரல் ஒன்பதாம் நாளும்

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் காலை, மட்டக்களப்புக் கரைக்கு அப்பால், 'ஹெர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை யப்பானிய விமானங்கள் தாக்கி மூழ்கடித்தன. அன்று அக்கப்பலில் ஒரு விமானமேனும் இருக்கவில்லை. முந்நூறுக்கு மேற்பட்ட மாலுமிகள் உயிர் துறந்தனர். உடன் சென்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான 'வாம்பயர்' என்பதும் மூழ்கியது. வாவிக்கரை மக்கள் தலைமுறை தலைமுறையாக நினைவுகூரும் நாள் இது.

அதே நாளில், கிழக்கே நெடுந்தொலைவிலுள்ள பிலிப்பைன்ஸ் தீவுகளில், பட்டான் தீபகற்பத்தைக் காத்து நின்ற படை யப்பானியரிடம் சரணடைந்தது. சரணடைந்தோர் ஏறக்குறைய 75,000 பேர். அவர்களுட் பெரும்பாலார் அமெரிக்கரல்லர். அமெரிக்கக் கொடியின் கீழ்ப் போரிட்ட பிலிப்பைன்ஸ் நாட்டினர். அவர்கள் எவ்வாறு அக்கொடியின் கீழ் வந்தனர்?

பிறநாட்டார் கொடியின் கீழ் உள்நாட்டார் படைக்கலம் ஏந்துதல் இலங்கைக்குப் புதியதன்று. மட்டக்களப்பு வாவியோரத்துக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். அவ்விரு சாராருக்கும் இலங்கையில் 'லஸ்கரீன்' எனப்பட்ட உள்நாட்டு வீரர் பணிபுரிந்தனர். பிலிப்பைன்ஸிலும் ஸ்பானியர் மூன்று நூற்றாண்டுக்கு மேலாக அவ்வாறே உள்நாட்டாரைப் படையிற் சேர்த்தனர்.

1898இல் அந்நாட்டார் தம் சுதந்திரத்தைப் பிரகடனஞ் செய்தனர். ஆயினும் அவ்வாண்டிலேயே ஸ்பெயின் தீவுகளை அமெரிக்காவுக்குக் கையளித்தது. அமெரிக்கரை எதிர்த்து உள்நாட்டார் போர் புரிந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1901இல், அமெரிக்க இராணுவத்தின் ஓர் அங்கமாகப் 'பிலிப்பைன் ஸ்கவுட்ஸ்' என்னும் படை அமைந்தது. வீரர் உள்நாட்டார், அதிகாரிகளுட் பெரும்பாலார் அமெரிக்கர். நற்பயிற்சி பெற்ற இப்படையின் 26ஆம் குதிரைப்படைப் பிரிவினர் 1942 ஜனவரியில் மொரோங் என்னும் ஊரிற் குதிரை மீதமர்ந்தே பகைவரைத் தாக்கினர். பின்னர் உணவு அருகியபோது அக்குதிரைகளே வீரர்க்கு உணவாயின.

மற்றொரு படையும் உண்டு. சுதந்திரத்துக்கு முன்னோடியாக 1935இல் பொதுநலவாய அரசு அமைந்ததும், அது தனக்கென ஓர் இராணுவத்தைத் தோற்றுவித்தது. அமெரிக்கத் தளபதி டக்ளஸ் மக்ஆர்தர் அதற்கு ஆலோசகரானார். 1941 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், இவ்விராணுவத்தையும் அமெரிக்கப் படைச் சேவைக்கு அழைத்தார். பயிற்சியும் கருவிகளும் நிறைவு பெறாத நிலையில், அவ்வாண்டு டிசம்பரில் யுத்தம் மூண்டது.

பட்டானில் இரு படையினரும் ஒருங்கே நின்றனர். உணவு பாதியாகக் குறைக்கப்பட்டது, மலேரியாக் காய்ச்சல் பரவியது, மருந்து போதவில்லை. சரணடைந்தபின் சுமார் 65 மைல் தூரம் வெயிலிற் கால்நடையாக நடத்திச் செல்லப்பட்டனர். 'மரண நடை' என உலகம் அறிந்தது இதுவே. வழியில் மாண்டோர் பல்லாயிரவர். ஓ'டானல் சிறைமுகாமிலோ சில மாதங்களுள் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட பிலிப்பைன்ஸ் வீரர் நோயாலும் பட்டினியாலும் இறந்தனர். தப்பியோர் பலர் காடுகளில் கரந்துறைந்து, யுத்தம் முடியும்வரை போரிட்டனர்.

வெற்றி கிட்டியபின் நிகழ்ந்ததே வியப்புக்குரியது. 1946 பெப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. பொதுநலவாய இராணுவத்தில் ஆற்றிய சேவை, சில விதிவிலக்குகள் தவிர, அமெரிக்க வீரர்க்குரிய சலுகைகளைப் பெறும் சேவையாகக் கருதப்படாது என்பது அதன் சாரம். போருக்கு முன்பே ஸ்கவுட்ஸ் படையிற் சேர்ந்தவரின் உரிமை நிலைத்தது. மற்றவர் உரிமை நீங்கியது. ஒரே அகழியிற் கிடந்து, ஒரே பாதையில் நடந்த இருவருள், ஒருவர் வீரராகவும் மற்றவர் அயலாராகவும் ஆயினர். பெயர் எந்தப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது என்பதே அவர்களைப் பிரித்தது.

அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் பிலிப்பைன்ஸ் சுதந்திரம் பெற்றது. ஆனால் வீரர்தம் கோரிக்கை ஓயவில்லை. 2009இல், உயிரோடிருந்தோருள் அமெரிக்கக் குடிமக்களுக்கு 15,000 டாலரும் ஏனையோர்க்கு 9,000 டாலரும் ஒருமுறை மட்டும் வழங்க அமெரிக்கா இசைந்தது. 2017இல் காங்கிரஸின் தங்கப் பதக்கமும் அவர்களுக்கு அளிக்கப்பட்டது. அதற்குள் பெரும்பாலார் மறைந்துவிட்டனர்.

இன்று பிலிப்பைன்ஸில் ஏப்பிரல் 9 'வீரத் திருநாள்'. அதே நாளில் மூழ்கிய ஹெர்மிஸ் இன்றும் மட்டக்களப்புக் கடலடியிற் கிடக்கிறது. அதன் மாலுமிகளின் பெயர்களை அவர்தம் நாடு நினைவுச் சின்னங்களிற் பொறித்துவைத்தது. பட்டானில் நின்ற உழவரும் தொழிலாளரும், தாம் போர்வீரரே என்று நிலைநாட்டவே அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாதாட வேண்டியிருந்தது. படையிற் சேர்ப்பவன் கொடுத்த வாக்கு, போர் முடிந்தபின்னரும் வாக்காகவே இருத்தல் வேண்டும் என்பதை அவர்தம் வரலாறு உணர்த்துகின்றது.