மெயில் போனில் இல்லை, நண்பர்களே!

(மூன்றாமாண்டு மாணவி, எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் விண்வெளி, செயற்கை நுண்ணறிவு, ரோபோ என்று பெரிய தலைப்புகளையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்தது சின்னத் தலைப்புதான். போனில் அப்டேட் போட்ட பிறகு ஈமெயில் நின்றுபோனால் என்ன செய்வது? சின்னது என்று சொல்கிறேனே தவிர, இறுதியாண்டு படிக்கும் யாரைக் கேட்டாலும் இதன் அருமை தெரியும். அப்ரண்டிஸ் அழைப்பு, உதவித்தொகைத் தகவல், இன்டர்வியூ தேதி எல்லாம் இன்று பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறது. போஸ்ட்மேன் என்றால் வீடு பூட்டியிருந்தாலும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். மெயில் அப்படிப் போகாது.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் முதல் ஆள் நான். அப்பா அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டுகிறார், அம்மா தார் சுற்றுகிறார். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளை என்று பெயர் வந்துவிட்டதால், தெருவில் யாருடைய போன் மக்கர் பண்ணினாலும் "தாயி, இதைக் கொஞ்சம் பாரு" என்று கொண்டுவந்து நீட்டுவார்கள். நான் படிப்பது டயோடும் டிரான்சிஸ்டரும்தான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அப்படிப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதும், தேடிப் படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்று மனதில் பதிய வேண்டும். மெயில் நம் போனில் இல்லை. 1971-ம் ஆண்டு ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பும்போது, நாம் 'அட்' என்று சொல்கிறோமே, அந்தச் சுழிக் குறியைப் பயன்படுத்தினார். குறிக்கு இடது பக்கம் ஆளின் பெயர். வலது பக்கம் அந்த ஆளுக்குக் கடிதம் வாங்கி வைக்கும் இடத்தின் பெயர். ஐம்பது வருடம் தாண்டியும் அதே முறைதான். அதாவது கடிதம் போய்ச் சேருவது நம் கைக்கு இல்லை, சர்வர் என்கிற அந்த இடத்துக்கு. போன் அங்கே போய் எட்டிப்பார்த்து ஒரு நகலைக் கொண்டுவந்து காட்டுகிறது, அவ்வளவுதான்.

நம்ம பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். தண்ணீர் இருப்பது கண்மாயில். மடை அடைத்துக்கொண்டால் வயல் காயும். அதற்காகக் கண்மாய் வற்றிவிட்டது என்று யாரும் ஊரில் சொல்வதில்லை, மடையைத்தான் போய்ப் பார்ப்பார்கள். ஆனால் போன் விஷயத்தில் மட்டும், அப்டேட் ஆன மறுநாள் மெயில் வரவில்லையென்றால் "எல்லாம் அழிஞ்சு போச்சு" என்று அலறிக்கொண்டு நேராகக் கடைக்குப் போகிறோம்.

ஆகவே முதல் வேலை, போனைக் கீழே வைத்துவிட்டு வேறு ஒரு போனிலோ கல்லூரி லேப் கம்ப்யூட்டரிலோ மெயிலைத் திறந்து பார்ப்பது. குரோம் பிரவுசரில் இன்காக்னிட்டோ என்ற தனி ஜன்னல் இருக்கிறது, அதில் திறந்தால் நம் பாஸ்வேர்டு அடுத்தவர் கருவியில் தங்காது. திறந்ததும் நமக்கு நாமே ஒரு மெயில் அனுப்பிப் பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனையிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். அங்கே புது மெயில் வந்து கிடந்தால் கோளாறு போனில். உள்ளே போக முடிந்தும் புது மெயில் வரவில்லை என்றால் கோளாறு கணக்கில். உள்ளேயே விடவில்லை என்றால் கோளாறு சாவியில். தறி நின்றால் அப்பா மோட்டாரைக் கழற்ற மாட்டார். பாவு அறுந்ததா, ஊடை தீர்ந்ததா என்று முதலில் கண்ணால் பார்ப்பார். அதே கதைதான்.

போனில்தான் கோளாறு என்றால் பயப்படவே வேண்டாம். 2021-ம் ஆண்டு மார்ச் மாதம் உலகம் முழுக்க இது நடந்தது. ஆண்ட்ராய்டு போன்களில் 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ' என்று ஒரு பாகம் உண்டு. ஒரு ஆப்புக்குள்ளேயே இணையப் பக்கத்தைக் காட்டும் வேலை அதனுடையது. அது பிளே ஸ்டோர் வழியாகத் தானாகவே அப்டேட் ஆகிக்கொள்ளும், நம்மிடம் கேட்பதுகூட இல்லை. அந்த முறை வந்த அப்டேட்டில் பிழை இருந்தது. நம் நாட்டில் மார்ச் 23-ம் தேதி விடிந்தபோது ஜிமெயிலும் இன்னும் பல ஆப்களும் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டன. அந்த அப்டேட்டை மட்டும் நீக்கிப் பலர் சமாளித்தார்கள். பிறகு கூகுள் 89.0.4389.105 என்ற சரிசெய்த பதிப்பை வெளியிட்டு, வெப்வியூவையும் குரோமையும் அப்டேட் செய்யச் சொன்னது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த நேரத்திலும் கம்ப்யூட்டர் பிரவுசரில் ஜிமெயில் ஒழுங்காகவே திறந்தது. மடைதான் அடைத்தது, கண்மாயில் தண்ணீர் இருந்தது.

ஐபோன்காரர்களும் தப்பவில்லை. 2017 செப்டம்பர் 19-ல் வந்த ஐஓஎஸ் 11 போட்ட பலரால், அவுட்லுக் டாட் காம், ஆபீஸ் 365 கணக்குகளிலிருந்து மெயில் அனுப்ப முடியவில்லை. சர்வர் ஏற்க மறுத்துவிட்டது என்று செய்தி வந்தது. ஒரே வாரத்தில் 11.0.1 வந்து சரியானது. லட்ச ரூபாய் போனுக்கே அந்தக் கதி என்றால் நம்ம தவணைப் போனைத் திட்டி என்ன பயன்!

இப்படிப்பட்ட நேரத்தில் பிளே ஸ்டோரில் ஜிமெயில், குரோம், வெப்வியூ மூன்றுக்கும் அப்டேட் இருக்கிறதா என்று பார்த்து, போட்டு, போனை ஒருமுறை அணைத்துப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இல்லையென்றால் ஜிமெயில் செட்டிங்ஸில் சிங்க் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். சில போன்களில் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு பேட்டரி மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணியில் ஆப் ஓடுவதையே தடுத்துவிடும். அப்போது நாம் திறந்தால் மட்டும் மெயில் வரும், தானாக மணி அடிக்காது. தேதியையும் பாருங்கள். சார்ஜ் சுத்தமாக இறங்கிக் கிடந்த போனில் தேதி பின்னுக்குப் போயிருக்கலாம். சர்வர் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. போனின் தேதி அதற்கு வெளியே இருந்தால் "பாதுகாப்பானது இல்லை" என்று சொல்லி இணைப்பை மறுத்துவிடும். 'கிளியர் கேஷ்' தாராளமாகச் செய்யலாம். 'கிளியர் டேட்டா' செய்வதற்கு முன் அவுட்பாக்ஸில் அனுப்பாத மெயில் ஏதும் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அது மட்டும் போனில்தான் இருக்கும்.

மெயில் போனில் இல்லை என்று சொன்னதற்கு இன்னொரு விலக்கும் உண்டு. பழைய முறையில் 'பாப்' என்ற வழியில் செட் பண்ணிய கணக்குகள் சில, மெயிலை இறக்கியதும் சர்வரிலிருந்து அழித்துவிடும். அப்பா, சித்தப்பா காலத்துக் கம்பெனி ஐடிகளில் இது இருக்கக்கூடும். அங்கே போனில் இருப்பதுதான் ஒரே பிரதி. அதனால்தான் முதலில் வேறு கருவியில் பார்க்கச் சொன்னேன். 'ஐமேப்' முறையில் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது கணக்கில் கோளாறு. எங்கள் தெருவில் நூல் வியாபாரம் பார்க்கும் மாமா ஒருவருக்கு அப்டேட் போட்ட வாரத்திலிருந்து மில் பில் எதுவும் வரவில்லை. பாவம், அப்டேட்டையே திட்டிக்கொண்டிருந்தார். பார்த்தால் இடம் நிரம்பிவிட்டது. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. அது மெயிலுக்கு மட்டும் இல்லை, டிரைவுக்கும் போட்டோவுக்கும் சேர்த்து. 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றும் போட்டோக்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தன. பின்னர் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் சேர்ந்துகொண்டது. மாமா போனில் பங்குனிப் பொங்கல் வீடியோவும் குட்மார்னிங் பூவும் 15 ஜிபியையும் தின்றுவிட்டன. இடம் தீர்ந்தால் புது மெயில் உள்ளே வராது, அனுப்பியவருக்கே திரும்பிவிடும். கண்மாய் நிரம்பினால் மறுகால் பாய்ந்து போகிற மாதிரிதான். இந்த வகையில் மட்டும் போன மெயில் போனதுதான், அனுப்பியவரிடம் கேட்டுத்தான் மறுபடி வாங்க வேண்டும். மாமாவும் மில்லுக்குப் போன் போட்டு வாங்கினார்.

கடைசியாகச் சாவி. இதில்தான் நம்மைப் போன்ற பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்கிறோம், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போன் தினமும் நம் பாஸ்வேர்டைச் சர்வரிடம் சொல்வதில்லை. முதல் தடவை உள்ளே நுழையும்போது சர்வர் டோக்கன் என்று ஒன்றைக் கொடுக்கிறது. பஸ் பாஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் அண்ணன் பாஸைப் பார்ப்பாரே தவிர, தினமும் கல்லூரிச் சான்றிதழ் கேட்பதில்லை. பெரிய அப்டேட்டுக்குப் பிறகு சில சமயம் அந்தப் பாஸ் செல்லாமல் போகும். உடனே பாஸ்வேர்டு கேட்கும். வருடக்கணக்காக அடிக்காத பாஸ்வேர்டு யாருக்கு ஞாபகம் இருக்கும்?

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் தவறு என்று சொன்னால், எந்த ஆப் என்று பாருங்கள். வெறும் பெயரும் பாஸ்வேர்டும் வாங்கிக்கொண்டு நுழையும் பழைய ஆப்களைத் தனிநபர் கணக்குகளில் 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்திவிட்டது. அவுட்லுக் கணக்குகளில் மைக்ரோசாப்ட் 2024 செப்டம்பர் 16-ல் நிறுத்தியது. அந்த ஆப்பில் எத்தனை முறை அடித்தாலும் பயன் இல்லை. ஜிமெயில் ஆப்பிலோ அவுட்லுக் ஆப்பிலோ கணக்கைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

உண்மையாகவே பாஸ்வேர்டு மறந்திருந்தால்தான் சிக்கல். திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்டேட் போட்டாள், மெயில் நின்றது. பஜாரில் ஒரு கடையில் "ரீசெட் அடிச்சா சரியாயிரும்மா" என்று சொல்லி, பட்டனை அழுத்திப் பிடித்து முழுப் போனையும் அழித்துக் கொடுத்துவிட்டார்கள். அப்படிச் செய்தால் பழைய கூகுள் கணக்கைக் கேட்டு நிற்கும் பூட்டு ஒன்று 2015-லிருந்தே ஆண்ட்ராய்டில் உண்டு. திருட்டுப் போனைத் தடுக்க வைத்தது, சொந்தக்காரியையே வெளியே நிறுத்திவிட்டது. பாஸ்வேர்டு தெரியாது. மீட்புக்கு ஓடிபி எந்த எண்ணுக்குப் போகும் என்று பார்த்தால் கடைசி இரண்டு இலக்கம் காட்டியது. அவள் வீட்டில் யாருடைய எண்ணும் இல்லை. யோசித்து யோசித்து, பத்தாவது முடித்ததும் விண்ணப்பம் போட்ட பிரவுசிங் சென்டரில்தான் ஐடி உருவாக்கினார்கள் என்று அவள் அம்மாதான் நினைவுபடுத்தினார். இரண்டு பஸ் ஏறிப் போனோம். நல்லவேளை, அந்த அண்ணன் கடையும் இருந்தது, எண்ணும் இருந்தது. ஓடிபியைப் படித்துச் சொன்னார், மெயில் திறந்தது. உள்ளே சென்னைக் கம்பெனி ஒன்றின் அப்ரண்டிஸ் அழைப்பு கிடந்தது. வியாழக்கிழமை காலை வரச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் அதைப் படித்தது சனிக்கிழமை.

மெயில் எங்கும் போகவில்லை. வந்த நாளிலிருந்து சர்வரில் பத்திரமாகத்தான் இருந்தது. லேப் கம்ப்யூட்டரில் திறக்க ஒரு பாஸ்வேர்டு இருந்திருந்தால் போதும். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஒன்றுமே பேசவில்லை.

நம் வகுப்பில் விசாரித்தேன். பிரவுசிங் சென்டர் எண், பள்ளிக்கூட சார் எண், ரீசார்ஜ் போடாமல் செத்துப்போன சிம் என்று பலருக்கும் இதே நிலைமைதான். செத்துப்போன எண்ணைக் கம்பெனி கொஞ்ச நாளில் வேறு யாருக்காவது கொடுத்துவிடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இரண்டு வருடம் திறக்காத கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியிருக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

இதற்கான வேலை பத்து நிமிடம்தான். போன் நன்றாக ஓடும்போதே கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதிக்குப் போய், மீட்பு எண்ணாக வீட்டில் அணையாமல் இருக்கும் ஒரு எண்ணைப் போடுங்கள், அம்மா எண்ணாக இருந்தால் உத்தமம். டூ ஸ்டெப் வெரிபிகேஷன் போட்டிருந்தால் அதற்குள் பேக்கப் கோட் என்று ஒன்று இருக்கும். எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் தரும். போனே இல்லாவிட்டாலும் பாஸ்வேர்டோடு அவற்றில் ஒன்றைப் போட்டு உள்ளே போகலாம். போனில் போட்டோ எடுத்து வைக்காமல் தாளில் எழுதி, ரேஷன் கார்டும் மார்க் ஷீட்டும் இருக்கும் பையில் வையுங்கள். ஒரு எண்ணை ஒரு தடவைதான் பயன்படுத்த முடியும், பயன்படுத்தியதைப் பேனாவால் அடித்துவிடுங்கள். பத்தும் தீர்ந்தால் அங்கேயே புதிதாகப் பத்து வாங்கிக்கொள்ளலாம். புதிது வாங்கியதும் பழைய தாள் செல்லாது, கிழித்துப் போடலாம்.