களவும் கரணமும்: ஆடவர் துணைநாடல் பற்றிய பரிணாம உளவியலும் அகத்திணை மரபும்

ஆடவர் துணை நாடும் திறத்தைப் பற்றிக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் மேனாட்டில் வளர்ந்துள்ள பரிணாம உளவியல் என்னும் துறையை நம்மவர் பெரும்பாலும் இருவகையாக எதிர்கொள்கின்றனர். 'இவையனைத்தும் தொல்காப்பியத்தில் முன்னரே உள' என்று கூறி அமைவோர் ஒரு சாரார். 'விலங்கினத்தை ஆராயும் கொள்கைக்கும் அன்பின் ஐந்திணைக்கும் உறவு யாது' என்று ஒதுக்குவோர் மற்றொரு சாரார். நூற்பாவையும் பாடலையும் அக்கொள்கையின் அருகே வைத்து நோக்கும் பணி இன்னும் முறையாக நடைபெறவில்லை. அதற்கு ஒரு தொடக்கமாக இக்கட்டுரை அமைகின்றது.

முதற்கண் கொள்கையைச் சுருங்கக் காண்போம். 1871இல் டார்வின், உயிர் வாழ்தற்கு உதவாத மயிற்பீலி போன்ற உறுப்புகள் துணை பெறும் போட்டியினால் தோன்றியவை என்று நிறுவினார். 1948இல் பேட்மன் என்பார் பழ ஈக்களை ஆராய்ந்து, துணைகளின் எண்ணிக்கை பெருகப் பெருக ஆணின் வழித்தோன்றல்கள் பெருகுதலும், பெண்ணுக்கு அத்துணைப் பயன் இன்மையும் கண்டதாக எழுதினார். இதன் காரணத்தை 1972இல் டிரைவர்ஸ் விளக்கினார். மகவின்பொருட்டு மிகுதியாகச் செலவிடும் பால் தேர்ந்து கொள்ளும். குறைவாகச் செலவிடும் பால் போட்டியிடும் என்பது அவர் கொள்கை. மனித இனத்தில் பத்துத் திங்கட் சுமையும் பாலூட்டலும் பெண்ணுடையன ஆதலின், ஏமாற்றப்படின் அவள் இழப்பதே பெரிது. 1993இல் டேவிட் பஸ், டேவிட் ஷ்மிட் என்னும் இருவர், ஆடவனிடத்து நெடுங்கால உறவு, குறுங்கால உறவு என்னும் இரு நெறிகளும் உள என்றும், சூழலுக்கு ஏற்ப ஒன்று மேற்படும் என்றும் உரைத்தனர். ஈண்டு நெறி என்றது அறநெறியை அன்று. நெஞ்சம் அறிந்தும் அறியாமலும் மேற்கொள்ளும் உத்தியையே குறித்தது.

இனித் தொல்காப்பியம். தலைவன் தலைவியரிடையே இருத்தற்குரிய ஒப்புமைகள் பத்தினை மெய்ப்பாட்டியல் தொகுத்துரைக்கின்றது. குடி, அகவை, உருவம், செல்வம் என்பனவும், அருள், அறிவு முதலிய பண்புகளும் அவற்றுள் அடங்கும். ஆயினும் களவியலில் ஆசிரியர் ஒரு விலக்குத் தருகின்றார். தலைவன் தலைவியினும் மிக்கோனாக இருப்பினும் குற்றமில்லை என்பது அது. தலைவி மிக்கோளாதற்கு அத்தகைய இசைவு இல்லை. 1989இல் பஸ் வெளியிட்ட ஆய்வு 37 பண்பாட்டுக் குழுக்களைச் சேர்ந்த 10,047 பேரை வினவியது. இந்தியரும் அதனுள் அடங்குவர். பொருள் ஈட்டும் ஆற்றலை ஆடவரினும் மகளிரே பெரிதும் வேண்டுகின்றனர் என்பதும், ஆடவர் தம்மின் இளையாரை விரும்புகின்றனர் என்பதும் அதன் முடிவுகள். வேலப்பன்சாவடி, பூந்தமல்லி முதலிய புறநகர்ப் பகுதிகளில் வரன் தேடுவோர் மணமகனின் ஊதியத்தையும் மணமகளின் அகவையையும் முதலில் வினவுதலை இன்றும் காண்கின்றோம். எனினும், பத்து ஒப்புமைகளை முதலில் நிறுத்திவிட்டு ஏற்றத்தை விலக்காக மட்டுமே கொண்ட நூலாசிரியரின் முறைவைப்பைப் புறக்கணித்து, ஒற்றுமை ஒன்றையே பாராட்டுதல் பொருந்தாது.

ஆடவன் தன் தகுதியைப் புலப்படுத்தும் வழிகள் அகப்பாடல்களில் பல. தழையும் பூவும் கையுறையாகக் கொணர்தல் அவற்றுள் எளியது. குறுந்தொகையின் முதற்பாட்டில் திப்புத்தோளாரின் தோழி, தங்கள் குன்றிலேயே காந்தள் மிகுதி என்று கூறி அவ்வெளிய கையுறையை மறுத்துவிடுகின்றாள். குறிஞ்சிப்பாட்டின் தலைவன் யானையினின்று காத்து, பின்னர்ச் சூளும் உரைக்கின்றான். கலித்தொகையின் முல்லைக்கலியில் ஆயர் இளைஞன் ஏற்றின் கொம்பிடைப் பாய்கின்றான். போலியாகச் செய்தற்கு இயலாத அளவு அரிதாயிருப்பதே ஓர் அடையாளத்தை நம்பத்தக்கதாக்கும் என்று 1975இல் சஹாவி என்னும் அறிஞர் கூறியதற்கு, ஏறு தழுவலினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

மடலேறுதலையும் இவ்வாறே விளக்குவர். நாணையும் புகழையும் துறந்து, எருக்கமாலை சூடி, பனைமடற் குதிரையில் ஊர்மன்றில் வருதல் பெருஞ்செலவுடைய அடையாளம் அன்றோ எனக் கேட்பர். யான் அவ்வளவில் அமைய மாட்டேன். மடலேறுவோன் தலைவியின் உருவெழுதிய கிழியை ஏந்தி வருவன் என்பது மரபு. அவன் தன் பெயரை மட்டும் அழித்துக்கொள்வதில்லை. அவள் பெயரையும் ஊரார் வாயில் இடுகின்றான். ஆதலின் அது காணிக்கை மட்டும் அன்று, நெருக்கடியும் ஆகும். மடலேறுவேன் எனக் கூறுதலை ஐந்திணைக்கண் ஏற்ற மரபு, ஏறியதனைப் பெருந்திணையில் வைத்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. மகளிர்க்கு மடலேற்றம் இல்லை என்னும் விதியும் ஈண்டு நோக்கத்தக்கது.

தோழியின் பங்கை இக்கொள்கையே நமக்குத் தெளிவாக்குகின்றது என்பேன். சேட்படுத்தல், குறியிடம் மாற்றல், இரவின் ஏதம் கூறி விலக்கல், இறுதியில் வரைவு கடாதல் ஆகியவற்றை வெறும் துறைகளாக மனப்பாடம் செய்து போகின்றோம். டிரைவர்ஸ் கூற்றின்படி, கைவிட்டுச் செல்லும் இயல்பினனைக் காலத்தாழ்ப்பினாற் பிரித்தறிவதே தேரும் பாலின் வழி. குறுங்கால நாட்டமுடையான் நெடிது காத்திரான். களவின் இடர் முழுவதும் தலைவிமேலது என்பதைக் குறுந்தொகை 25ஆம் பாட்டில் கபிலர் காட்டுகின்றார். அங்கே சான்றாக நின்றது நீரில் மீன் தேடிய குருகு ஒன்றே. அவன் மறுப்பானாயின் அவளுக்கு வேறு வழியில்லை.

கற்பியலின் புகழ்பெற்ற நூற்பா பிறப்பதும் இவ்விடத்திலேயே. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது என்கின்றார் ஆசிரியர். திருமணச் சடங்கின் தோற்றத்திற்குத் தெய்வ ஆணையைக் காரணமாகக் கூறாது, ஏமாற்றைக் காரணமாகக் கூறிய இக்கருத்து பெரிதும் வியக்கத்தக்கது. இருவர் மட்டும் அறிந்த வாக்கைப் பலரறி வாக்காக மாற்றுதல் மறுத்துரைக்கும் வழியை அடைக்கின்றது.

கற்பின் பின்னரும் சிக்கல் தீர்ந்தபாடில்லை. பரத்தையிற் பிரிவு மருதத்தின் மையம். இதனைக் குறுங்கால நெறி என்று பெயரிட்டு முடித்துவிடலாம். ஆனால் தொல்காப்பியனார் அப்பிரிவிற்கு இட்ட எல்லையே ஆராய்ச்சிக்குரியது. பரத்தையிற் பிரிந்த காலத்தும், தலைவியின் பூப்பினைத் தொடர்ந்த பன்னிரு நாள் அவன் அகன்று உறைதல் அறமன்று என்று கற்பியல் விதிக்கின்றது. உரையாசிரியர் இதனைக் கருவுறும் காலத்தோடு இயைத்துரைப்பர். கருவுறுதற்குரிய நாட்கள் கருமுட்டை வெளிப்படும் நாளை இறுதியாகக் கொண்ட ஆறு நாட்கள் என்பது 1995இல் வெளிவந்த மருத்துவ ஆய்வின் முடிவு. இருபத்தெட்டு நாள் சுழற்சியில் அது ஏறத்தாழ ஒன்பதாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை அமையும். பன்னிரு நாளைப் பூப்பின் முதல்நாள் தொட்டு எண்ணின் அதன் ஒரு பகுதியும், மூன்று நாள் கழித்து எண்ணின் முழுதும் அடங்கும். விதியின் நோக்கம் தெளிவாகின்றது. ஆடவனின் பரத்தைமையை அது ஒழிக்கவில்லை. குடிவழி தடைப்படாமல் மட்டும் காத்தது. தலைவியின் துயரைத் தீர்த்தல் அதன் குறிக்கோள் என்று கொள்ளுதல் மிகைபடக் கூறலாகும்.

ஆயினும் பாடல்கள் விதியினும் விரிந்தன. குறுந்தொகை 8இல் ஆலங்குடி வங்கனார் பரத்தையையே பேசவைத்து, தம்மிடத்துப் பெருமொழி கூறிய தலைவன் வீட்டில் மகனின் தாய்க்குக் கண்ணாடிப் பாவை போல ஆடுகின்றான் என எள்ளச் செய்கின்றார். அகநானூறு 16இல் தெருவில் விளையாடிய மகனைத் தழுவிய பரத்தையும் தலைவியும் எதிர்ப்படுகின்றனர். மகன் ஊடல் தீர்க்கும் வாயிலாகவும் ஆகின்றான். தந்தைமை ஆடவனை வீட்டோடு பிணிக்கும் என்பதைப் புலவர் அறிந்திருந்தனர்.

இனி, இவ்வொப்பீட்டின் வரம்புகள். அகப்பாட்டில் ஒருவர் பெயரும் சுட்டப்பெறாது. கூற்றுகள் மரபு வகுத்தவை. பாடினோருள் மிகப்பலர் ஆடவர். ஆதலின் பாடல்களை எண்ணிப் பழந்தமிழரின் நடத்தையை அளத்தல் முறையன்று. அறிவியற் பக்கத்தும் ஐயங்கள் எழுந்துள்ளன. பஸ் தந்த தரவுகளையே 1999இல் மீண்டும் ஆராய்ந்த ஈக்லி, வுட் என்னும் இரு பெண் அறிஞர், ஆண் பெண் சமத்துவம் மிக்க நாடுகளில் அவ்விருப்ப வேறுபாடுகளுட் சில குறைதலைக் காட்டினர். பேட்மனின் ஈச் சோதனையை 2012இல் மீளச் செய்த கோவாட்டியும் உடனாய்வாளரும் அதன் முறையிலேயே குறை கண்டனர். எல்லாவற்றினும் முதன்மையானது வேறொன்று. ஓர் இயல்பு எவ்வாறு தோன்றியது என்பதற்குரிய விளக்கம் அதற்குரிய ஒப்புதல் ஆகாது. 'ஆணின் இயற்கை அஃது' என்று கூறிப் பொறுப்பினின்று நழுவுவோர்க்கு டிரைவர்ஸும் துணை நில்லார். அகப்பாட்டும் துணை நில்லாது.

அகநானூற்று 256ஆம் பாட்டு இதற்குத் தக்க சான்று. கள்ளூரில் ஒருவன் இளையாள் ஒருத்தியின் நலனுண்டு, பின்னர் அவளை அறியேன் எனப் பொய்ச்சூள் உரைத்தான். அவையத்தார் சான்றினரை வினவி உண்மை தெளிந்து, மரக்கிளையில் அவனை இறுகப் பிணித்து, தலையில் நீறு பெய்தனர்; அவை ஆர்த்தது. மதுரைத் தமிழ்க்கூத்தன் கடுவன் மள்ளனார் இச்செய்தியைக் களவுப் பாட்டில் வைத்திலர். பரத்தையிற் பிரிந்து மீண்ட தலைவனை நோக்கித் தோழி கூறுவதாக மருதத்தில் வைத்தார். அவனைப் பற்றி ஊரில் எழுந்த அலர், கள்ளூர் அவையின் அவ்வார்ப்பினும் பெரிது என்கின்றாள் அவள்.