பின்சில்லுகளை மாத்திரம் கொண்டு தாழ்கியரிற் பிக்கப் வண்டியைச் செலுத்தல்

அறுவடை முடிந்ததும் நெல் மூட்டைகள் ஏற்றிய இழுவைப்பெட்டியைக் களஞ்சிய வாயில்வரை பின்னோக்கித் தள்ளிச் செல்லுதல் கமக்காரர் பலருக்கும் பழக்கமான வேலையாகும். அப்பொழுது கிளச்சிலிருந்து எரிமணம் எழுவதையும் பலர் அறிவர். பின்கியரில் வண்டி வேண்டிய அளவு மெதுவாகச் செல்லாமையால், சாரதி கிளச்சை அரைவாசி மிதித்த வண்ணம் செலுத்த நேருகின்றது. இவ்வாறு சில போகங்கள் சென்றாற் கிளச்சுத் தட்டுத் தேய்ந்துவிடும். நான்கு சில்லு இயக்கமுள்ள வண்டியை உடையோர் இத்தொல்லையைத் தவிர்க்க ஒரு வழியுண்டு. ஆயின், அதனைத் தவறாகக் கையாண்டாற் கிளச்சிலும் விலை கூடிய பாகங்கள் முறியும்.

தாழ்கியர் என்பது யாது?

இவ்வண்டிகளிற் பிரதான கியர்ப்பெட்டிக்குப் பின்னால் இரண்டாவது கியர்ப்பெட்டி ஒன்று உண்டு. எஞ்சினின் வலுவை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்தளிப்பதும், உயர்கியர், தாழ்கியர் என்னும் இரு நிலைகளைத் தருவதும் அதன் வேலையாகும். டொயோட்டா ஹைலக்ஸ் வண்டிகள் பலவற்றில் தாழ்கியரின் விகிதம் ஏறக்குறைய 2.57 ஆகும். எனவே, எஞ்சின் ஒரே வேகத்திற் சுழலும்போது, உயர்கியரில் மணிக்கு 5 கிலோமீற்றர் செல்லும் வண்டி தாழ்கியரில் 2 கிலோமீற்றர் அளவே செல்லும். சில்லுகளைத் திருப்பும் விசையோ இரண்டரை மடங்காகப் பெருகும். கிளச்சை முற்றாக விட்டுவிட்டு, நடைவேகத்திலும் மெதுவாகச் செல்லலாம்.

முன்சில்லுகளை விடுவிப்பது ஏன்?

பெரும்பாலான வண்டிகளில் தாழ்கியரைப் பூட்டும்போது முன்சில்லுகளின் இயக்கமும் சேர்ந்தே பூட்டப்படும். வண்டி திரும்பும்போது முன்சில்லுகள் பின்சில்லுகளிலும் கூடிய தூரம் ஓடவேண்டும். சேற்றிலும் மணலிலும் சில்லுகள் சற்று வழுக்கி இவ்வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். சீமெந்துக் களத்திலோ தார் வீதியிலோ அவ்வாறு வழுக்க இடமில்லை. ஆதலின் பாகங்கள் ஒன்றையொன்று முறுக்கும், சுக்கான் பாரமாகும், ரயர்கள் தேயும், கியர் நெம்பும் இறுகிவிடும். வன்னிலத்தில் இழுவைப்பெட்டியை வளைத்துப் பின்தள்ளும்போது பின்சில்லு இயக்கம் மாத்திரம் விரும்பப்படுவது இதனாலேயே.

செய்யும் முறை

முன்சில்லுகளின் நடுவிற் கையாற் திருப்பும் பூட்டு உள்ள வண்டிகளிலேயே இம்முறை பொருந்தும். வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்துவிடுக. இரு பூட்டுக்களையும் விடுவித்த நிலைக்குத் திருப்புக. பின்னர் கிளச்சை முழுவதும் மிதித்து இரண்டாவது நெம்பைத் தாழ்கியரில் இடுக. இப்பொழுது முன்பக்கத் தண்டுகள் சுழன்றபோதிலும் முன்சில்லுகளுக்கு வலு செல்லாது. கைப்பூட்டு இல்லாத வண்டிகளில் மின்கம்பியைக் கழற்றியோ பாகங்களை மாற்றியோ இதனைச் செய்ய முயலுதல் கூடாது.

முறிவு எவ்வாறு நேருகின்றது?

நான்கு சில்லுகளும் இயங்கும்போது, பெருகிய விசையை இரண்டு அச்சுக்கள் பகிர்ந்து தாங்கும். முன்சில்லுகளை விடுவித்தபின் அவ்விசை முழுவதையும் பின் அச்சு ஒன்றே தாங்கவேண்டும். எமது பிரிவிற் கமக்காரர் ஒருவர், பூட்டுக்களை விடுவித்திருந்ததை மறந்து, உறுதியான வயற்பாதையில் நின்றவாறே சேற்றிற் புதைந்த உழவு இயந்திரத்தைத் தாழ்கியரில் இழுத்தார். பின் அச்சுத்தண்டு முறிந்தது. வண்டி மூன்று நாள் அவ்விடத்திலேயே நின்றது. அதற்கிடையிற் களத்திற் குவித்திருந்த நெல் மழையில் நனைந்தது. ஆதலின் இம்முறை மெதுவாக நகர்த்துதற்கே உரியது. வலிந்து இழுத்தற்கு உரியதன்று. சேற்றில் இதனாற் பயனுமில்லை. பின்சில்லுகள் சுழன்று மேலும் புதையும்.

மலைநாட்டு மரக்கறிச் செய்கையாளருக்கு

இரண்டாவது நெம்பு நடுநிலையில் நின்றால், பிரதான கியர் பூட்டியிருப்பினும் வண்டி உருண்டோடும். சரிவில் வண்டியை நிறுத்திக் கியரை மட்டும் நம்பி இந்நெம்பை அசைத்தல் உயிராபத்தாகும். மேலும், ஈரமான இறக்கத்தில் எஞ்சினின் தடுப்பு பின்சில்லுகளுக்கு மாத்திரம் கிடைப்பதால் அவை சறுக்கக்கூடும். அத்தகைய மண்பாதைகளில் முன்சில்லுகளையும் பூட்டியே இறங்குக.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. இரு முன்சில்லுப் பூட்டுக்களும் எப்பொழுதும் ஒரே நிலையில் இருத்தல் வேண்டும்.
2. எஞ்சினை மெல்ல முடுக்குக. வண்டியைத் திடீரென இழுத்தெடுக்க வேண்டாம்.
3. நெம்பை மாற்றுமுன் சில்லுகளுக்கு அடைகட்டை வைக்குக.
4. பின்தள்ளும்போது வண்டிக்கும் இழுவைப்பெட்டிக்கும் பின்னாற் சிறுவர் நில்லாதவாறு, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துக.
5. வேலை முடிந்தவுடன் நெம்பை உயர்கியருக்கு மாற்றுக. மீண்டும் வயலுக்கு இறங்குமுன் பூட்டுக்களை நேரிற் பார்த்துக்கொள்க.

வண்டியுடன் வந்த கைந்நூல் இம்முறையை விலக்கியிருப்பின் அதன்படியே ஒழுகுதல் வேண்டும். பூட்டைப் பார்க்கச் செல்லும் ஒரு நிமிடம், அறுவடைக் காலத்தில் மூன்று நாளை மீதப்படுத்தும்.