தேயிலை இறங்கிய வழியில் சைக்கிள்

போடிநாயக்கனூருக்குச் சைக்கிளோடு வருகிறவர்கள் பெரும்பாலும் போடிமெட்டைக் குறிவைத்தே வருகிறார்கள். மலையடிவாரத்து முந்தலைத் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். தொடை வலுவுள்ள இளைஞர்கள் ஏறட்டும். பிள்ளைகளோடு வருகிற குடும்பத்துக்கு அதே முந்தலில் பிரிகிற குரங்கணிச் சாலைதான் ஏற்றது. போடியிலிருந்து குரங்கணி சுமார் 16 கிலோமீட்டர். தென்னந்தோப்பு, மாந்தோப்பு, கொட்டகுடி ஆறு என்று வழி நெடுகத் துணை உண்டு. மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், அவசரம் ஒன்றுமில்லை.

இந்த வழிக்கு ஒரு நூற்றாண்டு தாண்டிய கதை இருக்கிறது. மூணாறுத் தேயிலை 1908 முதல் குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி குரங்கணிக்கு அருகிலுள்ள கொட்டகுடிக்கு இறங்கியது. அதற்குப் பிறகு போடி வரை மாட்டுவண்டிதான். போடிக்கு ரயிலே 1928-ல்தான் வந்தது. 1924 வெள்ளம் மலை மேலிருந்த அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. இன்று டாப் ஸ்டேஷனில் நின்று படம் எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு அது எதன் ஸ்டேஷன் என்று தெரியும்? குரங்கணியில் சைக்கிளை நிறுத்தி மலை உச்சியை அண்ணாந்து பார்த்தால், பெட்டி பெட்டியாகத் தேயிலை எவ்வளவு உயரத்திலிருந்து இறங்கியது என்பது பிள்ளைகளுக்கே விளங்கிவிடும்.

மலைக்குள் நடக்க நினைப்பவர்கள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஓரடிகூட வைக்க வேண்டாம். குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்களைப் பலிகொண்ட 2018 மார்ச் காட்டுத்தீக்குப் பிறகு இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. மார்கழியும் தையும் நல்ல காலம். ஆடியில் கணவாய்க் காற்று முகத்தில் அறையும்.

மலைவழியைவிட எனக்குப் பெரிய கவலை, போடிக்கும் முந்தலுக்கும் இடைப்பட்ட ஏழெட்டு கிலோமீட்டர். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் விடியற்காலையில் வரிசையாக மேலே பறக்கின்றன. மாலையில் அதே வேகத்தில் இறங்குகின்றன. விடுமுறை நாளில் சுற்றுலா கார்களும் சேர்ந்துகொள்கின்றன. பின்னால் ஹாரன் அலறினால் சைக்கிள்காரர் ஒதுங்கியாக வேண்டும். எங்கே ஒதுங்குவது? தார் முடிகிற இடத்தில் நான்கு விரல் பள்ளம், அதற்கப்பால் சரளை. பத்து வயதுப் பிள்ளையின் முன்சக்கரம் அதில் இறங்கினால் ஹேண்டில் திரும்பிவிடும், பிள்ளை விழுவது சாலைப் பக்கம்தான்.

நேரத்துக்குத் தோட்டம் சேராவிட்டால் கூலி போய்விடும் என்கிறார்கள் ஜீப்பில் போகிறவர்கள். நியாயம்தான். ஆனால் அந்த வேகத்தில் முதலில் அடிபடக்கூடியவர்களும் ஜீப்புக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற தோட்ட வேலைப் பெண்கள்தானே? சைக்கிளுக்குப் பாதுகாப்பான சாலை அவர்களுக்கும் பாதுகாப்பானது. தோப்புக்குப் போகிற விவசாயியும் இதே ஓரத்தில்தான் சைக்கிள் மிதிக்கிறார். சுற்றுலாவுக்கென்று தனிப் பாதை யாரும் கேட்கவில்லை. இரு ஓரமும் சைக்கிள் போகும் அளவுக்கு மண் நிரவி, தாரோடு சமமாக்கினால் போதும். ஊர் எல்லைகளில் வேகத்தடையும், அது இரவில் தெரிய வெள்ளைக் கோடும் வேண்டும்.

அதுவரை, குடும்பத்தோடு வருகிறவர்கள் காலை ஜீப்புகள் ஏறி முடித்த பிறகு போடியிலிருந்து கிளம்புங்கள். மாலை ஜீப்புகள் இறங்கும் முன்பே ஊர் திரும்பிவிடுங்கள். பிள்ளைகளை முன்னால் விட்டு, பெரியவர் ஒருவர் கடைசியில் வாருங்கள்.