விஷு நாளில் நினைக்கவேண்டிய வீடுகள்

ரப்பர்த் தோட்டங்களும் வீட்டுக்கொரு கிணறும் நிறைந்த, கேரளத்தின் தென்கோடியிலுள்ள காட்டாக்கடை, நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளில் பயர்போர்ஸ் வண்டி புறப்படுவது தீயை அணைப்பதற்காக மட்டுமன்று. ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புகைப்புரை பற்றிக்கொண்டாலும், மழைக்காற்றில் மரம் சாய்ந்து பாதையை மறித்தாலும், நெய்யாற்றில் ஒருவர் மூழ்கினாலும், கிணற்றில் ஆடு விழுந்தாலும் ஜனங்களின் கை தானாக நாடுவது 101 என்ற எண்ணையே.

இவற்றுள் கிணறுதான் மிகக் கொடியது. 2023 ஜூலையில் விழிஞ்ஞத்தை அடுத்த முக்கோலையில், ஏறத்தாழ 90 அடி ஆழமுள்ள கிணற்றில் உறை இறக்கும் வேலையில் ஈடுபட்டிருந்த தமிழ்த் தொழிலாளி ஒருவர் மண் சரிந்து புதையுண்டபோது, தீயணைப்பு வீரர்களோடு உள்ளூர்க் கிணற்றுத் தொழிலாளிகளும் இரவு பகலாகப் போராடினர். இரண்டு நாட்களுக்குப் பின் சடலத்தைத்தான் மீட்க முடிந்தது. மறு ஆண்டு ஜூலை 13ஆம் தேதி, நெய்யாற்றின்கரையை அடுத்த மாராயமுட்டத்தைச் சேர்ந்த துப்புரவுத் தொழிலாளி ஒருவர் திருவனந்தபுரத்தில் ஆமயிழஞ்சான் தோடு என்னும் கால்வாயில் அடித்துச் செல்லப்பட்டார். ரயில் நிலையத்தின் அடியில் செல்லும் சுரங்கக் கால்வாயில், மலைபோல் குவிந்த குப்பைக்கும் அழுகிய நீருக்கும் நடுவே, முங்கு வீரர்கள் துர்நாற்றத்தையும் வியாதி பயத்தையும் பொருட்படுத்தாமல் தேடினார்கள். நம்முடைய குப்பையே அவர்களுக்குத் தடையாக நின்றது என்பதை எண்ணும்போது எனக்கு வெட்கமாயிருக்கிறது.

அபாயம் அவர்களை அடியோடு விழுங்கிய சந்தர்ப்பங்களும் உண்டு. 2023 மே 23 அதிகாலையில் தும்பா கின்ஃப்ரா பூங்காவிலிருந்த அரசு மருந்துக் கிடங்கு எரிந்தபோது, சாக்கை நிலையத்து இளம் வீரர் ஒருவர் மீது சுவர் இடிந்து வீழ்ந்தது. துக்கத்தின் நடுவிலும் அவருடைய கண்களைக் குடும்பத்தார் தானம் செய்தனர். மதுரையில் 2020ஆம் ஆண்டுத் தீபாவளியன்று ஜவுளிக்கடைத் தீயில் இரு வீரர்கள் மாண்டதும் இவ்வாறே சுவர் சரிந்துதான்.

இத்தகைய வேளைகளில் ஊர் முழுவதும் திரண்டு கண்ணீர் சொரிகிறது, மந்திரிகள் வருகிறார்கள், அரசாங்கம் உதவித்தொகையும் குடும்பத்தில் ஒருவருக்கு ஆசிரித நியமனமும் அளிக்கிறது. ஆயினும் கூட்டம் கலைந்தபின், வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கும், பிள்ளைகளின் படிப்புக்காகப் பள்ளிக்கூடத்துக்கும் தனியே அலைபவள் மாண்ட வீரரின் வீட்டுப் பெண்ணே. மலையாளத்தில் மனு எழுதப் பழகாத எல்லையோரத் தமிழ்க் குடும்பமானால் சிரமம் இன்னும் அதிகம். அவளோடு கூடப் போய் நிற்கும் அண்டை வீட்டுக்காரரின் உபகாரம், மாலையிலும் மலர்வளையத்திலும் செலவிடும் பணத்தைவிட நூறு மடங்கு பெரியது என்பது என் திடமான அபிப்பிராயம்.

உயிரோடிருக்கும் வீரர்களுக்கும் ஜனங்கள் செய்யக்கூடியது நிறைய உண்டு. 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் பெற்ற பாடத்தின் பயனாக, நிலையத்துக்கு 50 பேர் வீதம் 124 நிலையங்களுக்கு 6,200 தொண்டர்களைக் கொண்ட சிவில் டிபென்ஸ் சேனையைக் கேரளத் தீயணைப்புத் துறை உருவாக்கியது. இதில் சேர்ந்து பயிற்சி பெறுவது மிக நேரான வழி. சேர இயலாதவர் கிணற்றைச் சுற்றிக் கூட்டம் கூடாமலும் தாமே உள்ளே இறங்காமலும் இருந்தாலே பேருதவியாகும். பிராணவாயு குறைந்த கிணற்றில் விழுந்தவரைத் தூக்கப் பதற்றத்தில் இறங்கும் இரண்டாவது மனிதரும் மயங்கி விழுவது நாடெங்கும் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. பிறகு மூச்சுக்கருவி அணிந்து இறங்கும் வீரர், ஒருவருக்குப் பதிலாக இருவரைச் சுமந்தேறவேண்டியதாகிறது.

1944 ஏப்ரல் 14ஆம் தேதி, பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றிவந்த போர்ட் ஸ்டிக்கீன் என்ற கப்பல் வெடித்ததில் 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். அந்நாளே இந்தியாவெங்கும் தீயணைப்புச் சேவை தினமாக அனுஷ்டிக்கப்படுகிறது. நமக்கோ அது சித்திரைப் பிறப்பும் விஷுவும் கூடும் பருவம். ஊரெல்லாம் கணி கண்டு கைநீட்டம் வாங்கும் காலையில், நிலையத்தில் காவலிருக்கும் வீரரின் பிள்ளைகளுக்குத் தகப்பன் கையால் நாணயம் கிடைப்பதில்லை. வரும் விஷுவன்று உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருக்குமானால், அங்கே சென்று அந்தப் பிள்ளைகளின் கையில் நீங்கள் கைநீட்டம் கொடுங்கள்.