டி90-ஐ மாற்றலாமா? கல்வெட்டுப் படங்களை வைத்து ஒரு கணக்கு

என்னிடம் இருப்பது நிக்கான் டி90. 2008-ல் வந்த மாடல். 12.3 மெகாபிக்ஸல், ஐஎஸ்ஓ 200-லிருந்து 3200 வரை. டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் வீடியோ எடுக்கும் வசதி முதலில் வந்தது இதில்தான் என்பது அதன் வரலாற்றுப் பெருமை. நான் அதில் எடுத்த வீடியோக்கள் நாலைந்துகூடத் தேறாது. வார இறுதிகளில் கோயில் கல்வெட்டுகளைப் படம் எடுப்பதுதான் அதன் முழுநேர வேலை.

"இன்னுமா அதை வெச்சிருக்கீங்க?" என்று கேட்காத நண்பர் இல்லை. எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஒரு காலத்தில் அந்த ஆசை முற்றிப்போய் ஒரு கல்வெட்டையே இழந்திருக்கிறேன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2016 டிசம்பரில் ஒரு சின்னக் கிராமத்துச் சிவன் கோயிலுக்குப் போயிருந்தேன். வடபுற அதிட்டானத்தில், ஜகதியிலும் குமுதத்திலுமாக ஆறேழு வரிகள். நிலக்கொடை என்பது மட்டும் தெரிந்தது. "குழி", "மா" எல்லாம் கண்ணில் பட்டன. எழுத்து ரொம்பத் தேய்ந்திருந்தது. நிழலில் இருந்த சுவர் என்பதால் கேமராவின் ஃபிளாஷைத் தட்டி இருபது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் சாம்பல் பூசியது போல இருந்தது. "சரி, இந்த பாடி போதாது, புதுசு வாங்கிட்டு வந்து ஒழுங்கா எடுப்போம்" என்று முடிவு பண்ணினேன். அதன்பிறகு ஒன்றரை வருஷம் ரிவ்யூ படித்தேன். 2017-ல் டி7500 வந்தது. "விலை இறங்கட்டும்" என்று காத்திருந்தேன். 2018 நடுவில் அந்தப் பக்கம் போனபோது திருப்பணி முடிந்திருந்தது. பிராகாரத் தரையை உயர்த்தி கல் பாவியிருந்தார்கள். ஜகதி தரைக்குள் போய்விட்டது. குமுதத்தில் மணல் வீச்சுச் சுத்தம் நடந்து, எழுத்து இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

இப்போது என்னிடம் மிச்சம் இருப்பது ஃபிளாஷ் அடித்த அந்த இருபது படம்தான். ரா ஃபைலாக எடுத்ததால் கான்ட்ராஸ்டை இழுத்துப் பிடித்து பாதிக்குமேல் படித்துவிட்டேன். கொடுத்தவர் பெயர் வரும் இடம் மட்டும் படியவில்லை.

கோபம் ஆறியதும் உட்கார்ந்து ஒரு காரியம் செய்தேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். என் ஹார்ட் டிஸ்கில் இருந்த கல்வெட்டுப் படங்கள் எல்லாவற்றின் எக்சிஃப் தகவலையும் எக்சிஃப்டூல் வைத்து ஒரு சிஎஸ்வி ஃபைலில் இறக்கினேன். ஐஎஸ்ஓ, ஷட்டர் வேகம், அப்பர்ச்சர், எடுத்த நேரம், ஃபிளாஷ் எரிந்ததா இல்லையா. படிக்க முடியாமல் போன படங்களை மட்டும் தனியாக எடுத்துக் காரணம் எழுதினேன். ஆபீஸில் பக் ரிப்போர்ட்டுகளை வகை பிரிப்பது மாதிரிதான். நான் எதிர்பார்த்தது நாய்ஸ், அதாவது புள்ளி புள்ளியாக வரும் இரைச்சல். அது கடைசி இடத்தில் இருந்தது. முதல் இடத்தில் நேரே முகத்தில் அடிக்கும் ஒளி. அடுத்தது கை நடுக்கம். மூன்றாவது, சுவருக்கு நேராக நிற்காமல் சாய்வாக நின்று எடுத்தது. மூன்றுமே பாடி மாற்றினால் தீருகிற வியாதிகள் இல்லை.

சரி, அப்ப மெகாபிக்ஸலுக்கு மதிப்பே கிடையாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். டி90 படத்தின் அகலம் 4288 பிக்ஸல். டி7500-ல் 5568. மெகாபிக்ஸலில் 12.3-க்கும் 20.9-க்கும் நடுவில் பெரிய வித்தியாசம் மாதிரி தெரியும். ஆனால் அது பரப்பளவு. நீளவாக்கில் 1.3 மடங்குதான். 3 மீட்டர் அகலச் சுவரை ஒரே படத்தில் அடைத்தால் டி90-ல் ஒரு பிக்ஸலுக்கு 0.7 மி.மீ., டி7500-ல் 0.54 மி.மீ. நான் பார்க்கிற சோழர் காலக் கல்வெட்டுகளில் ஓர் எழுத்து பெரும்பாலும் 2 முதல் 4 செ.மீ. உயரம் இருக்கும். 2.5 செ.மீ. எழுத்துக்கு டி90 தருவது சுமார் 36 பிக்ஸல் உயரம். தெளிவான எழுத்தைப் படிக்க இது தாராளம்.

போதாதென்றால் ரெண்டு எட்டு முன்னால் போகலாம். 3 மீட்டருக்குப் பதில் 1 மீட்டர் அகலத்தை மட்டும் ஃபிரேமில் அடைத்தால் நுணுக்கம் மூன்று மடங்கு கூடும். ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறுகிற மாதிரி நாலு படம் எடுத்து ஒட்டிக்கொண்டால் வரிசை முழுக்க வந்துவிடும். டி7500 பாடி 1.3 மடங்கு மட்டுமே தருகிற இடத்தில், காலால் நடந்து மூன்று மடங்கு வாங்கலாம்.

இனி ஒளி. கல்லில் வெட்டிய எழுத்துக்குத் தனி நிறம் கிடையாது. சுற்றியுள்ள கல்லும் வெட்டின் உள்பக்கமும் ஒரே நிறம். நம் கண்ணுக்குத் தெரிவது வெட்டின் விளிம்பு உள்ளே போடும் நிழல் மட்டும்தான். அந்த நிழலின் நீளம், வெட்டின் ஆழத்தை ஒளி சுவரோடு செய்யும் கோணத்தின் டேன்ஜென்ட்டால் வகுத்தால் வரும். பத்தாம் வகுப்புக் கணக்கு. தேய்ந்துபோய் அரை மில்லிமீட்டர் ஆழமே மிஞ்சிய எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 45 பாகையில் ஒளி விழுந்தால் நிழல் 0.5 மி.மீ. மேலே சொன்ன 3 மீட்டர் ஃபிரேமில் டி90-க்கு இது முக்கால் பிக்ஸல்கூட இல்லை. டி7500-ல் எடுத்தால் 0.93 பிக்ஸல். ரெண்டிலும் ஒன்றும் தெரியாது. அதே ஒளியைச் சுவரை உரசுகிற மாதிரி 10 பாகைக்குச் சாய்த்தால் நிழல் 2.8 மி.மீ. ஆகிவிடும். டி90-லேயே நாலு பிக்ஸல். ஒளியைச் சாய்த்ததில் ஐந்து மடங்குக்கு மேல் லாபம். நேர் எதிரே லென்ஸுக்கு மேல் எரியும் ஃபிளாஷில் நிழல் பூஜ்யம். 2016-ல் நான் செய்தது அதைத்தான்.

இதை எனக்கு முதலில் சொன்னது எந்தப் புத்தகமும் இல்லை, இன்னொரு கோயிலில் இருந்த வயதான காவலாளி. மத்தியானம் தென்சுவர் முன்னால் திணறிக்கொண்டிருந்தபோது, "சாயங்காலம் வாங்க சார், எழுத்து தானா எந்திரிச்சு நிக்கும்" என்றார். ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். நின்றது.

அதற்குப் பிறகுதான் எந்தச் சுவருக்கு எப்போது போவது என்று யோசிக்க ஆரம்பித்தேன். கிழக்கு, மேற்குச் சுவர்களை நண்பகலை ஒட்டி வெயில் உரசும். தென்சுவருக்கு, குளிர்காலத்தில், காலையும் மாலையும் நல்லது. வடசுவர்தான் சிக்கல். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை சூரியன் தெற்கே இருப்பதால் வடசுவரில் நேர் வெயிலே படாது. நான் போனது டிசம்பர்! திருச்சி, தஞ்சாவூர் அட்சரேகையில், அதாவது சுமார் 11 பாகை வடக்கில், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் தலைக்கு நேர் உச்சியைத் தாண்டி வடக்கே நிற்கும். அப்போது வடசுவரை வெயில் மேலிருந்து கீழாக உரசிக்கொண்டு இறங்கும். மே வெயிலில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கல்தரையில் செருப்பில்லாமல் நிற்க வேண்டும் என்பது வேறு கதை.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஒளி பக்கவாட்டிலிருந்து வந்தால் செங்குத்துக் கோடுகள் பளிச்சென்று தெரியும், படுக்கைக் கோடுகள் மறையும். மேலிருந்து வந்தால் நேர்மாறு. அதனால் முடிந்தால் ரெண்டு திசையிலும் எடுக்க வேண்டும். வெயில் வராத சுவருக்கு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். வெயிலில் ஒருவர் கண்ணாடியைப் பிடித்து ஒளியைச் சுவரை ஒட்டித் திருப்பினால் வேலை முடிந்தது. கல்லறைக் கல்வெட்டுகளைப் படம் எடுப்பவர்கள் ரொம்ப நாளாகச் செய்கிற வித்தை இது. மண்டபத்துக்குள் ஒரு எல்இடி டார்ச்சை சுவரை ஒட்டிப் பிடிக்கிறேன். கண்ணாடியும் டார்ச்சும் சேர்த்து ஒரு மெமரி கார்டு விலைதான்.

மண்டபத்துக்குள் என்றதும் ஐஎஸ்ஓ பற்றிச் சொல்லியாக வேண்டும். புது பாடிக்கு உண்மையான பலம் உள்ள இடம் அது. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் டிரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும். எனவே இருட்டில் கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஒரே அளவு சென்சாரை வைத்துக்கொண்டு 2008-லிருந்து 2017-க்கு வந்ததில் நாய்ஸ் விஷயத்தில் கிடைத்த லாபம், நான் பார்த்தவரை, ஒரு ஸ்டாப்புக்குள்தான் வரும். வந்து விழும் ஒளியே குறைவாக இருக்கும்போது எந்த சென்சாரும் இல்லாத ஒளியைப் பிடிக்க முடியாதே. ஃபுல் ஃபிரேமுக்குப் போனால் சென்சார் பரப்பு 2.3 மடங்கு, அதனால் மேலும் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று அதிகம். ஆக ரெண்டு ஸ்டாப் வரை கிடைக்கலாம். ஆனால் கல் அசையாது. டி90-உடன் வந்த 18-105 லென்ஸிலேயே நடுக்கம் குறைக்கும் விஆர் இருக்கிறது. அது எனக்கு நிச்சயமாக ரெண்டு ஸ்டாப் தருகிறது. முழங்கையைத் தூணில் ஊன்றி, எக்ஸ்போஷர் டிலே மோடு போட்டுவிட்டால் கண்ணாடி மேலே போகும் அதிர்வும் அடங்கியபின்தான் ஷட்டர் திறக்கும். ஓடுகிற குழந்தையை இருட்டில் எடுப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர் தாராளமாகப் புது பாடி வாங்கலாம்.

"ஏஐ வெச்சு நாய்ஸ் எடுத்துடலாமே" என்று ஒரு தம்பி கேட்டார். குடும்பப் படத்துக்குச் சரி. தேய்ந்த கல்வெட்டுக்கு எனக்குப் பயம். சோழர் காலக் கல்வெட்டில் ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகார வேறுபாடு கிடையாது. ஏற்கெனவே ஊகம் கலந்த வாசிப்பு. அதில் மென்பொருள் தன் பங்குக்கு ஒரு கீறலை வழவழப்பாக்கி அழித்தாலோ, கல்லின் சிராய்ப்பைக் கோடாக நீட்டினாலோ நிலத்தின் அளவே மாறிவிடும். செல்ஃபோன் படங்களைத் தேய்ந்த எழுத்துக்கு நான் நம்பாததும் இதனால்தான். அது பல படங்களைச் சேர்த்து, கூர்மையாக்கி, தனக்குச் சரி என்று பட்டதைத் தருகிறது. தெளிவான எழுத்துக்கு ஃபோனே போதும், சண்டை இல்லை.

புது பாடியில் எனக்கு உண்மையாகவே பொறாமை தரும் விஷயம் ஒன்று உண்டு: மடங்கும் திரை. ஜகதி தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருக்கும். டி90-ன் திரை பின்பக்கம் ஒட்டியபடி அசையாது. சுவருக்கு நேராக லென்ஸைப் பிடிக்க நான் தரையில் குப்புறப் படுக்க வேண்டும். படுக்கச் சோம்பல்பட்டு நின்றபடி கீழ்நோக்கிச் சாய்த்து எடுத்தவைதான் என் பட்டியலில் மூன்றாம் இடம் பிடித்த படங்கள். டி7500-ல் திரை சாயும். அமர்ந்தபடி குனிந்து பார்த்து எடுக்கலாம். நாற்பதைத் தாண்டிய முழங்கால்களுக்கு 20.9 மெகாபிக்ஸலைவிட இது பெரிய வரம். எந்த ரிவ்யூவும் இதை ஒரு வரிக்குமேல் எழுதவில்லை.

ஜட் வரிசை மிரர்லெஸ்ஸுக்குப் போனால் இன்னொரு கணக்கும் சேரும். என் பழைய 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸுக்குள் மோட்டார் இல்லை. டி90, டி7500 பாடிகளில் உள்ள மோட்டார்தான் அதைச் சுழற்றும். எஃப்டிஜட் அடாப்டரில் அந்த மோட்டார் இல்லாததால் கையால்தான் ஃபோகஸ் பண்ண வேண்டும். அசையாத கல்லுக்கு அது கஷ்டமில்லை. என் மகளின் நடன நிகழ்ச்சிக்குக் கஷ்டம்.

இப்போதைக்கு மாற்றவில்லை. நிக்கான் டி90 ஷட்டரை 1,00,000 முறைக்குச் சோதித்ததாகச் சொல்கிறது; என்னுடையது எக்சிஃப்டூல் காட்டும் எண்ணிக்கைப்படி இன்னும் பாதியைத் தாண்டவில்லை. ஷட்டர் போனால் பழுதுபார்க்க மாட்டேன், சாயும் திரை உள்ள ஒரு பழைய பாடியைக் கைமாற்றாக வாங்குவேன். அதுவரை பையில் டார்ச், கண்ணாடி, படுக்க ஒரு கோரைப்பாய். திருப்பணிக்குப் பாலாலயம் ஆகப்போகிறது என்று கேள்விப்பட்ட கோயில் ஒன்றின் வடசுவர் பாக்கி இருக்கிறது. மே இரண்டாவது சனிக்கிழமை போகிறேன். கண்ணாடி பிடிக்க ஆள் வேண்டும், வருகிறவர்கள் சொல்லுங்கள்.